கிளினிக்கிற்கு யார் மதிப்பெண் போடுவது?

மேருவில் உள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குப் பாட்டியையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு போயிருக்கிறீர்களா? குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். எண் வாங்கி, காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, மருந்தும் வாங்கி வீடு திரும்பியதும் நாம் ஒரு தீர்ப்புச் சொல்வோம். "இன்றைக்கு ரொம்ப நேரம் ஆகிவிட்டது", "டாக்டர் நன்றாகப் பேசினார்" என்போம். காத்திருந்த நேரம், நாற்காலி, டாக்டரின் பேச்சு ஆகியவைதான் நம் கண்ணுக்குத் தெரிபவை.

தெரியாதவற்றைப் பார்ப்போம் வாருங்கள்.

கிளினிக்கின் உள்ளறையில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். சூடு கூடினால் மருந்து கெடும் என்று உங்களுக்குத் தெரியும். உறைந்தாலும் சில மருந்துகள் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகளில் மருந்தின் முக்கியப் பகுதி அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த மருந்தை ஒரு குழந்தைக்குப் போட்டால் என்ன ஆகும்? குழந்தை அழும், அம்மா சமாதானப்படுத்துவார், அட்டையில் தேதி எழுதப்படும். எல்லாம் சரியாகவே நடந்ததுபோல் தெரியும். ஆனால், கிடைக்க வேண்டிய பாதுகாப்பு கிடைத்திருக்காது. அதனால்தான் அந்தப் பெட்டியின் வெப்பநிலையைத் தினமும் காலையிலும் மாலையிலும் குறித்து வைக்கிறார்கள்.

அடுத்தது, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ். இது நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் அண்ணன். அழுத்தம் தந்து 121 டிகிரியில் நீராவியை 15 நிமிடமாவது வைத்திருக்கும். அளவுமானி 121 காட்டிவிட்டால் போதுமா? உள்ளே காற்று சிக்கியிருந்தால் சில மூலைகளை நீராவி எட்டாது. எனவே சோதிப்பவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். வெப்பத்தை நன்றாகத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு உள்ளே வைப்பார்கள். வெளியே எடுத்த பிறகு அதை வளர விடுவார்கள். குப்பியின் நிறம் மாறினால் வித்து பிழைத்திருக்கிறது, கருவிகள் சுத்தமாகவில்லை என்று பொருள். எதிரியையே சாட்சிக்கு அழைப்பது என்பார்களே, அது இதுதான்.

இவற்றையெல்லாம் நோயாளி பார்க்க முடியாது. கிளினிக்கில் வேலை செய்பவர்களுக்கும் தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும். அதனால் வெளியிலிருந்து ஆள் வந்து, முன்பே எழுதி வைத்த அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தர அங்கீகாரம் என்கிறோம். முதலில் கிளினிக் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும். பிறகு, அதே தொழிலில் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் நேரில் வந்து பதிவேடுகளைப் புரட்டுவார்கள், தாதியரிடம் பேசுவார்கள், பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அங்கீகாரம் சில ஆண்டுகளுக்குத்தான். பிறகு மறுபடியும் தேர்வு.

இதன் தொடக்கக் கதை சுவையானது. 1917இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஒரே பக்கத்தில் "குறைந்தபட்சத் தரம்" ஒன்றை எழுதியது. நோயாளியின் விவரங்களை எழுதி வைக்க வேண்டும், ஆய்வுக்கூடம் இருக்க வேண்டும் என்பன போன்ற எளிய விதிகள்தான். மறு ஆண்டு 692 பெரிய மருத்துவமனைகளைச் சோதித்தார்கள். தேறியவை 89. பேர்பெற்ற மருத்துவமனைகள்கூடத் தோற்றிருந்தன. பட்டியல் பத்திரிகைகளின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று ஓர் ஓட்டலின் உலையில் போட்டு எரித்ததாகச் சொல்கிறார்கள்!

மலேசியாவில் சுகாதார அமைச்சு 1985இலேயே தர உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசிய சுகாதாரத் தரக் கழகம் 1997இல் உருவானது.

சரி, இப்படித் தேர்வு வைத்தால் சிகிச்சை மேம்படுகிறதா? அறிவியல் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் தமிழர்கள் பலர் வாழும் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். 20 அரசு மருத்துவமனைகளை எடுத்து, 10இல் அங்கீகாரத் திட்டத்தை நடத்தினார்கள். மற்ற 10ஐ அப்படியே விட்டார்கள். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழு போலத்தான். இரண்டு ஆண்டுகளில் திட்டம் நடந்த இடங்களில் விதிகளைப் பின்பற்றும் அளவு 38 விழுக்காட்டிலிருந்து 76 ஆக உயர்ந்தது. மற்றவற்றில் 37, 38 ஆனது. பிரமாதம் இல்லையா? ஆனால், சிகிச்சையின் தரத்தை அளக்கத் தனியாக எட்டுக் குறியீடுகளையும் பார்த்தார்கள். அவற்றில் தெளிவாக உயர்ந்தது ஒன்றே ஒன்று. அதுவும், தரத்தைப் பற்றித் தாதியர் என்ன நினைக்கிறார்கள் என்பது.

இதை வைத்து அங்கீகாரம் வீண் என்று முடிவு கட்டுவது அவசரம் என்பேன். இரண்டு ஆண்டு குறுகிய காலம். ஆனால், விதியைப் பின்பற்றுவதும் நோயாளி குணமடைவதும் ஒன்றல்ல என்பதை அது காட்டிவிட்டது. படிவம் 5 மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடந்த ஆண்டுக் கேள்வித்தாள்களை மட்டும் மனப்பாடம் செய்து ஏ வாங்கிய நண்பர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்.

கிளினிக்குகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அறுவை சிகிச்சையின் விளைவு சில நாளில் தெரிந்துவிடும். இனிப்புநீர் நோயாளியை ஒரு கிளினிக் நன்றாகக் கவனித்தால் அதன் பலன் என்ன? பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பாட்டியின் கால் வெட்டப்படாமல் இருப்பது, கண் பார்வை போகாமல் இருப்பது. நடக்காத ஒன்றை எப்படி எண்ணுவது? அதனால் இடையில் உள்ள படிகளை எண்ணுகிறார்கள். பாதத்தைப் பரிசோதித்தார்களா? கண்ணின் விழித்திரையைப் பார்த்தார்களா? கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை செய்தார்களா? நாட்டின் இனிப்புநீர் நோயாளர் பதிவேட்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து, அமைச்சு இவற்றைக் கணக்காய்வு செய்கிறது. சுவரில் மாட்டும் சான்றிதழைவிட இந்தக் கேள்விகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இனிப்புநீர் இருந்தால், கிளினிக்கில் கொடுத்த பதிவுப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பாதத்தையும் கண்ணையும் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அடுத்த தவணைக்கு நீங்களும் கூடப் போய், தாதியிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "மிஸ்ஸி, பாட்டிக்குக் கால் பரிசோதனை எப்போது?"