முத்தின் எடையை ஏன் வர்க்கப்படுத்தினார்கள்?

பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் முதல் பாடம் அளவீட்டியல். மீட்டர், கிலோகிராம், வினாடி, பரிமாண வாய்ப்பாடு, பிழைகளின் பெருக்கம் என்று மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தள்ளிவிட்டு இயக்கவியலுக்கு ஓடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அலகு என்பது பாரிஸில் யாரோ கூடி முடிவு செய்து நமக்கு அனுப்பிவைத்த சமாசாரம் போலத்தான் அந்தப் பாடம் பேசுகிறது. அதை நடத்தத் தமிழ்நாட்டில் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பது என் கட்சி. முத்தையும் உப்பையும் கப்பல் சரக்கையும் அளந்தே பிழைத்த கரை அது.

முத்திலிருந்து தொடங்குவோம். மன்னார் வளைகுடாவின் பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளில் மூழ்கி எடுத்த சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரத்துக்கு இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். தூத்துக்குடியில் அப்படி நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1955 முதல் 1961 வரை. ஏலம் எடுத்தவர் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்த பிறகுதான் அசல் அளவீடு ஆரம்பமாகும்.

முதல் கருவி சல்லடை. பித்தளையில் செய்த சிறு கிண்ணங்கள், மொத்தம் பத்து, எல்லாம் ஒரே அளவு. அடிப்பாகத்தில் துளைகள். முதல் கிண்ணத்தில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. அதே பரப்புக்குள் துளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுத்துப்போகும். 20ஆம் எண் சல்லடையில் முத்துக்களைக் கொட்டிக் குலுக்கினால் பெரியவை தங்கும், மற்றவை விழும். விழுந்தவை 30க்குப் போகும். இப்படியே இறங்கி, ஆயிரத்திலும் தங்காமல் உதிர்வது தூள். எண் ஏற ஏற முத்தின் அளவு இறங்குகிறது. மணலையும் ஜல்லியையும் தரம் பிரிக்கும் இன்றைய ஆய்வகச் சல்லடைகளில் பல இதே மாதிரி துளைக் கணக்கில்தான் பெயர் பெறுகின்றன.

அடுத்தது தராசு. எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி என்பது ஆனைக்குன்றிமணி மரத்தின் சிவப்பு விதை, சுமார் கால் கிராம் இருக்கும். இது பழைய ஏற்பாடு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராசராசன் கொடுத்த நகைகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்ற கல், மணிகள் பதித்த நகைகளை நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்ற கல் என்று எடைக்கற்களுக்குப் பெயரே சூட்டியிருந்தார்கள். எந்தக் கல்லால் நிறுத்தது என்று சொல்லாவிட்டால் எடை என்ற எண்ணுக்கு மதிப்பில்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இதுவரை வியப்பில்லை, எல்லா ஊரிலும் விதையால் நிறுத்திருக்கிறார்கள். வியப்பு அடுத்த படியில். குறுவல், தூள் போன்ற மட்டமான ரகங்களுக்குக் கழஞ்சுக்கு இவ்வளவு என்று எடைக்கு விலை. ஆணிமுத்து போன்ற உயர்ந்த ரகங்களுக்கு அப்படியில்லை. அவற்றுக்குச் ‘செவ்வு’ என்று ஓர் அலகு. மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, முக்காலால் பெருக்கி, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு. விலை பேசுவது செவ்வுக்கு இவ்வளவு என்று.

போட்டுப் பாருங்கள். 4 மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்து: 4 பெருக்கல் 4, 16. அதில் முக்கால், 12 செவ்வு. ஒவ்வொன்றும் 1 மஞ்சாடியாக நான்கு முத்து: மொத்த எடை அதே 4, வர்க்கம் அதே 16, முக்கால் அதே 12. நான்கால் வகுத்தால் 3 செவ்வு. தராசில் இரண்டும் சமம், விலையில் ஒன்றுக்கு நான்கு. பெரிய முத்து அரிது என்பதை வெறும் எடை சொல்லாது, எடையின் வர்க்கம் சொல்லும். எண்ணிக்கைக்குப் பரிமாணம் இல்லை, முக்காலுக்கும் இல்லை. ஆகவே செவ்வின் பரிமாணம் நிறையின் வர்க்கம். பாடப்புத்தகத்தில் தேடினாலும் எளிதில் கிடைக்காத பரிமாணம் இது. தூளுக்கு நிறை, ஆணிக்கு நிறையின் வர்க்கம் என்று ஒரே கடையில் இரண்டு பரிமாணங்களில் வியாபாரம் நடந்திருக்கிறது.

சல்லடை ஏன் தராசுக்கு முன்னால் வந்தது என்பதற்கும் இந்தச் சூத்திரத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. 3 மஞ்சாடி முத்து ஒன்று, 1 மஞ்சாடி முத்து ஒன்று. தனித்தனியே கணக்கிட்டால் 6.75 செவ்வும் 0.75 செவ்வும், கூட்டினால் 7.5. இரண்டையும் ஒன்றாகத் தராசில் போட்டால் மொத்தம் 4, வர்க்கம் 16, முக்கால் 12, இரண்டால் வகுக்க 6. ஒன்றரைச் செவ்வு காற்றில் போய்விட்டது! சம அளவுள்ள முத்துக்களுக்கு மட்டும்தான் சூத்திரம் நியாயமாக நடக்கும், கலந்தால் விற்பவருக்கு எப்போதும் நஷ்டம்தான். எனவே பத்துச் சல்லடைகள் அழகுக்காக வைத்திருந்தவை அல்ல, சூத்திரத்துக்குத் தேவைப்பட்டவை.

பம்பாய் முத்துச் சந்தையிலும் இதே கணக்கு உண்டு. அங்கே எடை டாங்க்கில். டாங்க்கின் வர்க்கத்தை 330ஆல் பெருக்கி எண்ணிக்கையால் வகுப்பார்கள். ரத்தியில் நிறுத்தால் 330க்குப் பதில் 96இல் 55 பங்கு. ஒரு டாங்க்குக்கு 24 ரத்தி, 24இன் வர்க்கம் 576, அதை 55ஆல் பெருக்கி 96ஆல் வகுத்தால் சரியாக 330. அலகை மாற்றினால் மாறிலி மாறும், விதியின் வடிவம் மாறாது. மாறிலிக்கும் விதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சு வைர வியாபாரி தாவெர்னியே பெயரில் வழங்கும் வைர விதியும் இதுதான்: விலை எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்.

பிழைகளின் பெருக்கமும் இங்கே வந்துவிடுகிறது. எடையில் 1 சதவீதம் தவறினால் செவ்வில் ஏறக்குறைய 2 சதவீதம் தவறும். எடைக்குப் பதில் விட்டத்தை அளந்திருந்தால்? எடை விட்டத்தின் மூன்றாம் படி, செவ்வு ஆறாம் படி. விட்டத்தில் 1 சதவீதம் பிசகினால் விலையில் 6 சதவீதம். நல்ல முத்துக்கு விலை வைக்கச் சல்லடையோடு நிற்காமல் தராசுக்குப் போனதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

முத்து போய்விட்டது, உப்பு இருக்கிறது. உப்பளத்தில் நீரின் பதத்தை ‘டிகிரி’ என்பார்கள். வெயிலின் டிகிரி வேறு, இது வேறு. பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் போமே 1768இல் வகுத்த அளவுகோல் இது: சுத்த நீர் 0, நூற்றுக்கு 15 பங்கு உப்புக் கரைந்த நீர் 15. கண்ணாடி மிதவையை நீரில் விட்டு, அது எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்ப்பார்கள். கடல் நீர் மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். ஏறக்குறைய 25இல் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும், அதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். 25 டிகிரி என்றால் ஒப்படர்த்தி 1.21. ஆனால் பாத்தி ஓரத்தில் நிற்பவருக்கு 1.21 எதற்கு? வாருவதா, காத்திருப்பதா என்பதை முழு எண்ணில் சொல்கிறது போமே. எஸ்.ஐ. அலகு அல்லாதது எல்லாம் மூடப் பழக்கம் என்ற மனப்பான்மை நம் ஆசிரியர்களில் சிலருக்கு உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை.

அதே மிதவைக் கருவி வ.உ.சி. துறைமுகத்திலும் வேலை செய்கிறது. நிலக்கரிக் கப்பலில் எவ்வளவு சரக்கு வந்தது என்று பார்க்க, கப்பலையே தராசாக்கிவிடுகிறார்கள். முன்புறம், நடு, பின்புறம் என்று இரு பக்கமும் ஆறு இடங்களில், உடலில் எழுதிய எண்கள் நீரில் எதுவரை அமிழ்ந்திருக்கின்றன என்று படகில் போய்ப் படிக்கிறார்கள். இறக்குவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. விலகிய நீரின் எடைதான் கப்பலின் எடை என்ற ஆர்க்கிமிடீஸ் விதி மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், எரிபொருளையும் நிலைநிறுத்தும் நீரையும் கழித்துக்கொண்டால் போதும். சிக்கல் துல்லியத்தில். 225 மீட்டர் நீளக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் சுமார் 65 டன். சிற்றலையில் ஆடும் நீர்மட்டத்தைப் படிக்கும் கண் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் மூன்று நான்கு லாரிச் சரக்கு கணக்கில் மாறிவிடும். அடர்த்தியையும் அளந்தாக வேண்டும். 60,000 டன் எடை காட்டும் கப்பலுக்கு நீரின் அடர்த்தி 1.025 என்பதற்குப் பதில் 1.020 என்று எடுத்தால் ஏறத்தாழ 293 டன் வித்தியாசம். மூன்றாவது தசம இடத்துக்கு இவ்வளவு மரியாதை! முக்கிய எண்ணுருக்கள் எதற்கு என்று கேட்கும் மாணவரிடம் இந்தக் கணக்கைக் கொடுக்கலாம்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பரிமாண வாய்ப்பாடு வரையறு’ என்பதை ஒரு வருடம் விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: 5 மஞ்சாடி, 3 மஞ்சாடி எடையுள்ள இரண்டு ஆணிமுத்துக்களைத் தனித்தனியாக விற்பது லாபமா, சேர்த்து விற்பதா? எத்தனை செவ்வு வித்தியாசம்? செவ்வின் பரிமாணம் என்ன? விடை: தனித்தனியாக, ஒன்றரைச் செவ்வு, நிறையின் வர்க்கம். மூன்று மதிப்பெண் கொடுக்கலாம்.