தலைப்பை மட்டும் நம்பினால்…

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், திருகோணமலை டச்சு வளைகுடாக் கடற்கரையிலே கச்சான் வாங்கினேன். கச்சான் தீர்ந்ததும் கடதாசிச் சுருளை விரித்துப் பார்த்தேன். அது ஒரு பழைய பத்திரிகைத் துண்டு. கொட்டை எழுத்துகளில் 'திருகோணமலைத் துறைமுகம் விரைவில்…' என்றிருந்தது. மிச்சத்தைக் காணோம், திகதியும் கிழிந்து போயிருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விரைவில் என்ன? விரியப்போகிறதா, விற்கப்படப்போகிறதா? யோசிக்க யோசிக்க வேறொரு விபரீத எண்ணம் தோன்றிற்று. நமது ஊரைப் பற்றி வந்த செய்திகளின் தலைப்பை மாத்திரம் படித்துவிட்டு, கீழே உள்ளதைப் படியாமலே ஊரார் காரியத்தில் இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வாசக நேயர்களே, கீழே வரும் செய்திகள் மெய். தலைப்புகளும் விளைவுகளும் என் கற்பனை.

கிணறு வெட்டத் தெய்வம்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்பது பழமொழி. திருகோணமலையிலோ 1950ஆம் ஆண்டு கிணறு வெட்டத் தெய்வமே புறப்பட்டது. கோணேசர் ஆலயத்துக்குரிய பழைய திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன.

'கிணற்றில் சுவாமி' என்ற தலைப்போடு ஊரார் நின்றிருந்தால், மறுநாளே மண்வெட்டிக்குத் தட்டுப்பாடு வந்திருக்கும். வீட்டுக்கு மூன்று கிணறு, ஒழுங்கைக்கு முப்பது. “ஆச்சி, வாசற்படிக்கு முன்னால் கிணறு வெட்டினால் மனிதர் எப்படி உள்ளே வருவது?” என்று தபாற்காரர் கேட்பார். “நீ சுற்றி வா தம்பி! அடுத்த வீட்டில் ஐந்து வெட்டிவிட்டார்கள்” என்று ஆச்சி பதில் சொல்வார். ஈற்றில் சுவாமி அகப்படாவிட்டாலும், தண்ணீர்ப் பஞ்சமாவது ஒழிந்திருக்கும்!

தலைப்புக்குக் கீழே உள்ள கதை சிரிக்கத்தக்கதன்று. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அக்காலத்தில் அன்பர்கள் சிலர் திருமேனிகளை மண்ணிலே மறைத்தனர் என்பது ஊராரின் நம்பிக்கை. மறைத்தவர் பெயர் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. மீண்டும் எழுந்த ஆலயத்துக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

தொலைந்தது யாருக்கு?

1956இல் ஆதர் சி. கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிலே கடலில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 'கடலடியில் கோயில் கண்டுபிடிப்பு!'

இத்தலைப்பைப் படித்த ஒரு முதியவர் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போகிறார். “ஐயா, கண்டுபிடித்தார்களாமே! தொலைந்து போயிற்றென்று முறைப்பாடு செய்தது யார்?” பொலிஸார் ஏட்டைப் புரட்டுகின்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு அப்படியொரு முறைப்பாடு இல்லை. அதற்குள் வாசலிலே மீனவர் வரிசை நீண்டுவிடுகிறது. “அந்தத் தூணில் என் வலை இருபது தரம் கிழிந்தது. கண்டுபிடித்ததற்குப் பரிசு உண்டென்றால் முதலில் வலைக்காசைத் தாருங்கள்!”

கைமாறிய தளம்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி, பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். பண்டாரநாயக்கா பிரதமராயிருந்த காலம் அது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பறித்த இடத்தை விட்டு அவர்கள் விலகினார்கள்.

'தளம் கைமாறியது' என்ற தலைப்பை வாசித்தால் ஆச்சியின் முகம் வாடும். “கைமாற்றாகவா தந்தார்கள்? சீட்டு எழுதினார்களா? வட்டி உண்டா? நாளைக்கு வந்து திருப்பிக் கேட்டால் நாம் எங்கே போவோம்?” அன்று முதல் ஆச்சி வீட்டு உண்டியலில் தினம் ஐந்து சதம் விழும், துறைமுகத்தை மீட்கத்தான்!

ஆச்சியைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் அன்று கப்பற்பட்டறையிலும் பண்டசாலைகளிலும் வேலை பார்த்த பலர் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரன் போனதில் அவர்களுக்கும் மகிழ்ச்சிதான். வேலையும் அவனோடு கப்பலேறிற்றே என்பதுதான் கவலை. தளம் வந்தது, சம்பளம் போயிற்று. அந்தக் குடும்பங்களில் அடுத்த மாதம் அடுப்பு எரிந்ததா என்பது தலைப்பாகுமா?

தொண்ணூற்றொன்பது குதங்கள்

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் உள்ளன. அவற்றைப் பற்றி 1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு கடிதங்கள் பரிமாறப்பட்டன. 2003இலும் ஓர் உடன்படிக்கை. 2022 ஜனவரியில் மற்றொன்று. கடைசிக் கணக்கின்படி இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61.

'எண்ணெய்க் குதங்கள் பங்கீடு' என்ற தலைப்பைக் கண்டதும், போத்தலும் கையுமாக ஊரே சீனன்குடாவுக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள்! “எனக்கு நல்லெண்ணெய் போதும்” என்பார் ஒருவர். “எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்தான் வழக்கம்” என்பார் இன்னொருவர். காவலாளி கணக்கைக் கூட்டிப் பார்ப்பார். 14உம் 24உம் 61உம் சேர்ந்து 99. “எல்லாம் பங்கிட்டாயிற்று. ஊருக்கு என்று நூறாவது குதம் ஒன்று கட்டினால் சொல்லியனுப்புகிறோம்!”

இந்த இடத்தில்தான் எனக்குக் கச்சான் சுருளின் மர்மம் விளங்கிற்று. 'திருகோணமலைத் துறைமுகம் விரைவில்…' எந்த ஆண்டுப் பத்திரிகை என்று தேடுவது வீண். 1957, 1987, 2003, 2022 — எந்த ஆண்டின் தலையிலும் அந்தத் தலைப்பு சரியாக உட்காரும். பேசப்பட்டதெல்லாம் துறைமுகத்தின் ஆழம். கரையில் நிற்பவனின் காரியம் 'விரைவில்' என்ற சொல்லோடு கிழிந்து போயிற்று.

மாணவச் செல்வங்களே, வாசிகசாலையில் பழைய பத்திரிகை அகப்பட்டால் கொட்டை எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். உட்பக்கத்து மூலையிலே, பொடி எழுத்தில், வேலை தேடுவோர் விளம்பரம் இருக்கும். வள்ளம் விற்பனைக்கு என்றிருக்கும். நமது ஊரின் கதையை அங்கே படியுங்கள்.

இந்தப் பக்கமும் ஒருநாள் கச்சான் சுருளாகும். அதை விரிப்பவரின் கையில் 'தலைப்பை மட்டும் நம்பி…' என்ற பாதி மாத்திரம் மிஞ்சினால், அவருக்காவது அன்றிரவு நல்ல உறக்கம் வரட்டும்!