இரண்டு மொழி, ஒரே மரியாதை



செர்பியா நாட்டின் வடக்கே வொய்வோதினா என்றொரு மாகாணம் இருக்கிறது. 1918 வரை அது ஹங்கேரி அரசின் கீழ் இருந்த மண். முதல் உலகப் போருக்குப் பின் எல்லைக்கோடு மாறியது; மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 1,82,000 ஹங்கேரியர்கள் வாழ்கிறார்கள். சுபோதிட்சா போன்ற ஊர்களின் கடைவீதியில் இரண்டு மொழியும் காதில் விழும்.

இந்த இரண்டு மொழிக்கும் சொந்தபந்தமே கிடையாது. செர்பிய மொழி ரஷ்ய, போலிஷ் மொழிகளுக்கு உறவு. ஹங்கேரிய மொழிக்கோ பின்லாந்து, எஸ்டோனிய மொழிகள்தான் தூரத்துச் சொந்தம். ஆனால் மரியாதைச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும்!

பகல் வணக்கத்துக்கு செர்பியர் ‘தோபர் தான்’ என்பார். ஹங்கேரியர் ‘யோ நாபொட்’ என்பார். இரண்டுக்கும் ‘நல்ல நாள்’ என்றே பொருள். ஹங்கேரியச் சொல்லின் கடைசியில் வரும் ‘ட்’ நம்ம இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ மாதிரி. ‘நல்ல நாளை வாழ்த்துகிறேன்’ என்பதில் வாழ்த்துகிறேனை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

விடைபெறும்போது செர்பியர் ‘தோவிஜேன்யா’, ஹங்கேரியர் ‘விஸொன்ட்லாட்டாஷ்ரா’. இரண்டிலும் மறுபடி பார்ப்போம் என்ற எண்ணம்தான். நாமும் ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்கிறோம் இல்லையா?

கதவைத் தட்டினால் ‘உள்ளே வாங்க’, பொருளை நீட்டும்போது ‘இந்தாங்க’ என்று இரண்டுக்கும் செர்பியர் சொல்வது ஒரே சொல், ‘இஸ்வோலிதே’. ஹங்கேரியரின் ‘டெஷ்ஷேக்’ இதே வேலைகளைச் செய்யும்.

நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. செர்பியத்தில் ‘தி’ என்றால் நீ. ‘வி’ என்றால் நீங்கள். நம்மைப் போலவே பன்மைதான் அங்கு மரியாதை. ஹங்கேரியத்தில் ‘டெ’ என்றால் நீ. பெரியவரிடம் ‘ஓன்’ என்று சொல்லி, வினைச்சொல்லைப் படர்க்கையில் போடுவார்கள். ‘ஐயா எப்படி இருக்கிறார்?’ என்று ஐயாவிடமே கேட்பது போல! ‘இனி நீ என்றே பேசலாம்’ என்ற அனுமதியைப் பெரும்பாலும் வயதில் மூத்தவர்தான் கொடுப்பார். இளையவர் தாமாக எடுத்துக்கொள்வது அழகல்ல.

நண்பர்கள் சந்தித்தால் ஹங்கேரியர் ‘ஸெர்வுஸ்’ என்பார். லத்தீனில் இதற்கு ‘அடிமை’ என்று பொருள். செர்பிய இளைஞர்கள் சொல்லும் ‘ச்சாவ்’ இத்தாலியின் வெனிஸ் நகரப் பேச்சிலிருந்து வந்தது. அதற்கும் ‘அடிமை’ என்பதே மூலப் பொருள்! ‘நான் உமது அடிமை’ என்று கும்பிட்ட சொல், இன்று சமமானவர்கள் தோளில் கைபோட்டுப் பேசும் சொல்லாகிவிட்டது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். படிக்காதவர் என்றால் நரைத்த தலையையும் ‘நீ’ என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. நாளை டிப்ளமோவோடு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக நுழையும்போது, அங்கே முப்பது வருஷம் வேலை செய்த ஹெல்பர் ஒருவர் இருப்பார். அவரை ‘நீங்க’ என்று கூப்பிட நமக்குக் காசா செலவாகும்? ‘நீ’ என்று பேசும் அனுமதியைத் தர வேண்டியவர் அவர். நம் சர்டிபிகேட் அல்ல.