மண்ணெண்ணெய் தின்ற பெயாரிங்: எஞ்சினைப் பூட்டமுன் அளந்து பாருங்கள்

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்பாவின் மொறிஸ் மைனரும் அப்படித்தான் ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, அம்மம்மாவையும் இரண்டு அரிசி மூடைகளையும் ஏற்றிக்கொண்டு, சனத்தோடு சனமாக ஊர்ந்து தென்மராட்சிக்குப் போனதும் அதில்தான்.

கார் எங்களைக் கரைசேர்த்தது. ஆனால் அதன் பெயாரிங்குகளை மண்ணெண்ணெய் தின்றுவிட்டது. 2003இல் அந்த எஞ்சினை வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டியபோது நான் விட்ட பிழையையும் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். பழைய வாகனத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு உதவக்கூடும்.

ஏன் இடைவெளி வேண்டும்?

கிராங்சாப்ற்றில் பெயாரிங் அமரும் உருளைப் பகுதியை ஜேர்னல் என்போம். அது பெயாரிங் ஷெல்லில் நேரடியாக உரசிச் சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதக்கிறது. இடைவெளி குறைந்தால் போதிய ஒயில் உள்ளே போகாது, சூடேறி இறுகிவிடும். கூடினால் ஒயில் பக்கவாட்டில் வழிந்து அழுத்தம் விழும், தட்டல் சத்தம் தொடங்கும்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டி வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கும். அப்போது படலம் நிற்காது, உலோகம் உலோகத்தில் உரசும்.

பொதுக் கணக்கு இது: ஜேர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு அங்குல இடைவெளி. கராச்சில் இதை ஒரு தௌ என்பார்கள். தலைமயிரின் தடிப்பே 2, 3 தௌ இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய அளவல்ல. சரியான எண்ணை உங்கள் எஞ்சினுக்குரிய கைநூலில் பாருங்கள்.

நான் விட்ட பிழை

பழைய ஷெல்களின் பின்புறம் 020 என்று பொறித்திருந்தது. அதாவது கிராங் ஏற்கெனவே 20 தௌ குறைத்துக் கடையப்பட்டது. அதே எண்ணில் புதிய ஷெல்களை வாங்கிப் பூட்டினேன். ஒரு ஜேர்னலைக்கூட அளக்கவில்லை. முதல் தூரப் பயணத்தில், கொடிகாமம் வரமுன்னரே தட்டல் கேட்டது. கழற்றினால் மூன்றாவது பிக் என்ட் ஷெல் கிழிந்திருந்தது. ஜேர்னலில் விரல் நகம் இறங்கும் ஆழத்துக்குக் கோடுகள்.

அப்பாவைக் கேட்டபோதுதான் கதை தெரிந்தது. 1993இல் அந்த ஒன்று மட்டும் அடிவாங்கியிருக்கிறது. லேத் ஓட மின்சாரம் இல்லை. மணற்தாளால் கையால் தேய்த்து, ஷெல்லுக்குப் பின்னால் கடதாசி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லாத காலத்தில் செய்த வேலை, குறை சொல்ல மாட்டேன். அளக்காமல் விட்டது என் குறைதான்.

கிராங்கை 40 தௌவுக்குக் கடைய வேண்டி வந்தது. எனக்குக் கிடைத்த ஷெல்களில் அதுதான் கடைசி அளவு. இன்னொரு பிழை விட்டால் அந்தக் கிராங் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அளக்கும் முறை

முதலில், கழற்றமுன் ஒவ்வொரு கப்பிலும் இலக்கமும் திசையும் குறியுங்கள். ஒன்றின் கப்பை இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது. கடைந்து வந்த கிராங்கின் ஒயில் துளைகளைக் கழுவிக் காற்று அடியுங்கள். தூள் தங்கினால் புதிய ஷெல்லைக் கீறிவிடும்.

அடுத்து மைக்கிறோமீற்றர். எல்லா ஜேர்னலையும், ஒவ்வொன்றிலும் இரண்டு அந்தத்திலும், செங்குத்தாக இரண்டு திசையிலும் அளந்து எழுதுங்கள். திசைக்குத் திசை எண் மாறினால் அது முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கிறது. அந்தத்துக்கு அந்தம் மாறினால் ஒரு பக்கம் சிறுத்திருக்கிறது.

ஷெல்லின் பின்புறமும் அது அமரும் இடமும் ஒயில் இல்லாமல் துப்புரவாக இருக்க வேண்டும். கடதாசி வைப்பதும் கப்பை அரத்தால் தேய்ப்பதும் வேண்டாம்.

கடைசியாக பிளாஸ்ரிகேஜ். இது மெழுகு போன்ற மெல்லிய நூல். ரொறன்ரோவில் இருக்கும் சித்தி கடித உறையில் அனுப்பினார். பச்சை நிறம் 1 முதல் 3 தௌ வரை அளக்கும். துடைத்து உலர்ந்த ஜேர்னலில் அதை நீளவாட்டில் வைத்து, கப்பைப் போட்டு, கைநூல் சொல்லும் இறுக்கத்துக்கு டோர்க் றென்ச்சால் இறுக்குங்கள். கிராங்கைத் திருப்பக்கூடாது. மெயின் பெயாரிங்குகளுக்கு எஞ்சினைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். கிராங்கின் பாரம் கப்பில் இறங்கினால் கணக்குப் பிழைக்கும். கப்பைக் கழற்றி, நசிந்த நூலின் அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிடுங்கள். அகலம் கூடினால் இடைவெளி குறைவு.

எனக்கு நான்கு பிக் என்ட்டிலும் ஒன்றரை தௌ வந்தது, மூன்றாவதில் மட்டும் இரண்டு. எல்லாம் கைநூல் வரம்புக்குள். பிறகு நூலைத் துடைத்து, ஒயில் பூசிப் பூட்டினேன். ஒவ்வொரு கப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் திருப்பிப் பார்த்தேன். பிளக்குகளைக் கழற்றி, ஒயில் லைற் அணையும்வரை எஞ்சினைச் சுற்றிய பிறகே ஸ்ராட் செய்தேன்.

கார் இன்றும் ஓடுகிறது. எங்கள் பக்கத்துப் பழைய எஞ்சின்களில் கைநூலில் இல்லாத வேலைகள் இருக்கும். அவற்றைச் செய்தவர்கள் பலர் இன்று ஊரில் இல்லை, சிலர் உயிரோடும் இல்லை. தெரிந்தவர்கள் இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கேட்ட பிறகும் ஒவ்வொரு ஜேர்னலையும் அளந்து பாருங்கள்.