மலை ஏறும் மிதிவண்டிகள்: டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை அறிவோம்



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா ஈரச்சந்தையை ஒட்டிய உணவங்காடியில் என் பழைய மாணவன் ஒருவனோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்காகப் பயிற்சி செய்த காணொளியில் மிதிவண்டிப் பந்தயம் வந்ததாம். "சார், டூர் டி பிரான்ஸ் நம்ம ஊர்லயே வருஷா வருஷம் நடக்குதுன்னு சொன்னேன். கடைசி நாள் யார் முதல்ல வர்றாங்களோ அவங்கதான் சாம்பியன்னும் சொன்னேன். சரிதானே?" என்று கேட்டான்.

இரண்டுமே தவறு. ஆனால் அவன்மேல் குறை சொல்ல முடியாது. 2022இல் மெரினா பே பகுதியில் 'டூர் டி பிரான்ஸ் சிங்கப்பூர் கிரிட்டேரியம்' என்ற பெயரில் ஒரு பந்தயம் தொடங்கியது. பிரான்சில் ஓட்டிய அதே பெரிய வீரர்கள் அதே மஞ்சள் சட்டையில் இங்கே வந்து ஓட்டினார்கள். பெயரிலும் டூர் டி பிரான்ஸ் இருக்கிறது. குழம்பாமல் என்ன செய்யும் பிள்ளை? இது ஒரே நாளில், குறுகிய தட்டையான சுற்றுப்பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றி முடிக்கும் ஓட்டம். அதுவோ மூன்று வாரம், 21 கட்டங்கள், 3,000 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பெரிய மலைத்தொடர்கள். பெயர் ஒன்று, பொருள் வேறு.

முதலில் 'கட்டம்' என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பலகட்டப் பந்தயத்தில் ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடிப்பார்கள். அன்றைக்கு முதலில் வந்தவர் அந்தக் கட்டத்தின் வெற்றியாளர், அவ்வளவுதான். முழுப் பந்தயத்தின் வெற்றியாளர் யார் என்று பார்க்க, ஒருவர் எல்லா நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டுவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே முதல்வர்.

இதை ஒரு கணக்காகச் சொன்னால் வகுப்பில் உடனே பிடித்துக்கொள்வார்கள். கண்ணன் சமவெளியில் ஐந்து நாள் தொடர்ந்து முதலாவதாக வருகிறான். முரளி அந்த ஐந்து நாளும் அதே கூட்டத்துக்குள் எங்கேயோ வருகிறான். கூட்டமாக வந்து சேர்ந்தால் அனைவருக்கும் ஒரே நேரம் என்பது விதி. முதலாவதாக வருபவருக்கு 10 விநாடி தள்ளுபடி உண்டு, ஆகவே கண்ணன் 50 விநாடி முன்னால் இருக்கிறான். ஆறாம் நாள் மலை. முரளி அன்று ஐந்தாவதாகத்தான் வருகிறான், ஆனால் கண்ணன் அவனுக்கு 4 நிமிடம் பின்னால் மூச்சிரைக்க வருகிறான். இப்போது யார் முன்னிலை? முரளி, 3 நிமிடம் 10 விநாடி வித்தியாசத்தில். ஐந்து முறை வென்றவன் பின்னால், ஒருமுறையும் வெல்லாதவன் முன்னால்!

இது கற்பனைக் கணக்கு மட்டும் அல்ல. 1990இல் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், 2017இல் பிரிட்டனின் கிறிஸ் ஃபுரூம் இருவரும் ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் முழுப் பந்தயத்தையும் வென்றார்கள். மறுபக்கம் மார்க் கேவண்டிஷ் 35 கட்டங்களை வென்று சாதனை படைத்தவர். முழுப் பந்தயத்தை ஒருமுறையும் வென்றதில்லை.

அப்படியானால் மலையில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அறிவியல் ஆசிரியரிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். சமவெளியில் வேகமாகப் போகும்போது மிதிவண்டிக்கு முக்கிய எதிரி காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால், பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்குப் பாதி வேலை மிச்சம் என்பதுபோல ஆகிவிடும். அதனால்தான் 150க்கு மேற்பட்டவர்கள் தேனீக்கூட்டம்போல் சேர்ந்தே போகிறார்கள். மலையில் வேகம் குறைகிறது, காற்றின் எதிர்ப்பும் குறைகிறது. அங்கே எதிரி புவியீர்ப்பு. யார் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது, உங்கள் எடையை நீங்களேதான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வாட்டசாட்டமான வேக ஓட்டிகள் அங்கே திணற, ஒல்லியானவர்கள் நழுவிப் போய்விடுகிறார்கள்.

எவ்வளவு உயரம் என்கிறீர்களா? நம்முடைய மிக உயர்ந்த இயற்கை மேடு புக்கிட் தீமா, சுமார் 164 மீட்டர். பிரனீஸ் மலைத்தொடரில் உள்ள தூர்மலே கணவாய் 2,115 மீட்டர். ஆல்ப்ஸில் உள்ள கலிபியே 2,642 மீட்டர், அதாவது பதினாறு புக்கிட் தீமாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. இங்கே ஃபேபர் மலைச்சாலையில் வார இறுதியில் ஏறிப் பழகும் அண்ணன்மார்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் உச்சி வந்துவிடும். அங்கே ஒரு மணி நேரம் ஏறினாலும் உச்சி வராது.

இந்தப் பந்தயம் பிறந்த கதையும் சுவையானது. 1903இல் 'லோட்டோ' என்ற பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் விற்பனை இல்லாமல் தவித்தது. போட்டி நாளிதழ் 'ல வேலோ' முன்னணியில் இருந்தது. ஆசிரியர் ஆன்றி தெகிரான்ஜ், இளம் நிருபர் ழேயோ லெஃபேவ்ர் சொன்ன யோசனையை ஏற்று, நாட்டையே சுற்றிவரும் பந்தயம் ஒன்றை அறிவித்தார். பத்திரிகை விற்பதற்காகத் தொடங்கிய பந்தயம், வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை! ஆறே கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். 60 பேர் புறப்பட்டு 21 பேர் முடித்தார்கள். புகைபோக்கி துடைப்பவராக இருந்த மொரீஸ் காரன் வென்றார். மறுவருடமே 'ல வேலோ' மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1904இல், மோசடிகள் அம்பலமாயின. காரன் உட்பட முதல் நான்கு இடத்தில் வந்தவர்களும் தகுதி நீக்கம் செய்யப்பட்டு, ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்றி கோர்னேவுக்கு வெற்றி போனது. மிக இளைய வெற்றியாளர் இன்றும் அவர்தான். நூறு ஆண்டு கழித்தும் கதை மாறிவிடவில்லை. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார். ஊக்கமருந்து நிரூபணமாகி, 2012இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் இன்றுவரை வெற்றியாளர் பெயர் இல்லை, இடம் காலியாகவே இருக்கிறது. பழைய பொதுஅறிவு நூல்களில் அவர் பெயரை இன்னும் காணலாம். அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துவிடாதீர்கள்.

ஆரம்பப் பந்தயங்களில் உயர்ந்த மலைகள் இல்லை. 1910இல் தெகிரான்ஜிடம் வேலை பார்த்த அல்ஃபோன்ஸ் ஸ்தெனெஸ், பிரனீஸைச் சேர்க்கலாம் என்று சொல்லி, பாதையைப் பார்த்துவரப் போனார். தூர்மலேயில் பனி மூடியிருந்தது. கார் நகரவில்லை, இருட்டில் நடந்து வழிதவறி, உயிர் பிழைத்ததே பெரிய காரியம். மறுநாள் அவர் அனுப்பிய தந்தி என்ன சொன்னது தெரியுமா? பாதை நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று! அந்தத் தந்தியை நம்பித்தான் அவ்வாண்டு ஜூலையில் வீரர்களை அனுப்பினார்கள். ஒரே நாளில் 326 கிலோமீட்டர், பல கணவாய்கள், கல்லும் மண்ணுமான ஆட்டுப்பாதைகள், பற்சக்கரம் மாற்றும் வசதி இல்லாத கனத்த வண்டிகள். பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் ஏறிய ஒக்தாவ் லபீஸ், அமைப்பாளர்களைப் பார்த்துக் 'கொலைகாரர்கள்' என்று கத்தினார். ஆனாலும் அன்றைய கட்டத்தை வென்றார், அந்த ஆண்டுப் பந்தயத்தையும் வென்றார். முதல் உலகப் போரில் விமானியாகி 1917இல் இறந்துபோனார்.

எனக்கு எப்போதும் மனதில் நிற்பவர் வென்றவர் அல்ல, எழேன் கிறிஸ்தோஃப். 1913இல் தூர்மலேயிலிருந்து இறங்கும்போது அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. அன்றைய விதி கடுமையானது: வண்டியை மாற்றக் கூடாது, யார் உதவியும் பெறக் கூடாது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து சேன்த் மரி த காம்பான் என்ற ஊருக்கு வந்தார். அங்கே ஒரு கொல்லனின் பட்டறை. கிறிஸ்தோஃப் தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, கவையை ஒட்டவைத்தார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். துருத்தியை ஊத இரண்டு கையும் போதவில்லை, அங்கிருந்த ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்தான். அது 'வெளியாள் உதவி' என்று 10 நிமிடத் தண்டனை! பிறகு 3 நிமிடமாகக் குறைத்தார்கள் என்றாலும், பட்டறையிலும் நடையிலும் பல மணி நேரம் போய், வெற்றி வாய்ப்பும் போய்விட்டது.

போருக்குப் பின் 1919இல் அவர் மீண்டும் முன்னிலையில் இருந்தார். முதலிடத்தில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண மஞ்சள் சட்டை கொடுக்கும் வழக்கம் அந்த ஆண்டுதான் வந்தது. 'லோட்டோ' அச்சான தாளின் நிறம் மஞ்சள். அதை முதலில் அணிந்தவர் கிறிஸ்தோஃப். பந்தயம் முடிய ஒரு கட்டமே மீதி இருக்கும் நிலையில், அவருடைய முன்கவை மறுபடியும் முறிந்தது. ஒருமுறையும் அவர் வெல்லவில்லை. மாணவர்களே, 'விடாமுயற்சி' என்ற தலைப்பில் எடிசனையே எத்தனை நாளைக்கு எழுதுவீர்கள்? மாற்றத்துக்கு இவரை எழுதிப் பாருங்கள். ஆனால் 'இறுதியில் வென்றார்' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள், அது பொய்.

இன்னொரு சொல் இங்கே முக்கியம். தலைவருக்குக் காற்றை மறைத்துக் கொடுத்து, தண்ணீர்க் குப்பிகளைச் சுமந்துவந்து, வண்டி பழுதானால் தன் சக்கரத்தையே கழற்றித் தரும் அணி வீரருக்குப் பிரெஞ்சில் 'வேலையாள்' என்று பொருள்படும் பெயர். தமிழில் என்ன சொல்லலாம்? 'எடுபிடி' என்றால் மட்டமாக ஒலிக்கிறது. 'துணை வீரர்' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 1934இல் 20 வயது ரெனே வியத்தோ, விழுந்துபோன தன் தலைவர் ஆன்தொனென் மாஞ்ஞுக்கு முன்சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சுவரில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், திரும்பி மலையேறி வந்து தன் முழு வண்டியையே கொடுத்தார். மாஞ் வென்றார். வியத்தோ பிற்காலத்திலும் வெல்லவே இல்லை. கொடுத்தது சரியா? வகுப்பில் இதை விவாதமாக வைத்துப் பாருங்கள், நாற்பது நிமிடம் போதாது.

மற்ற சட்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சை, புள்ளிகளில் முன்னிலை வகிப்பவருக்கு. வெள்ளை, சிறந்த இளம் ஓட்டிக்கு. வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தது 'மலையரசன்' என்ற பட்டத்துக்கு. அந்தப் போட்டி 1933இல் தொடங்கினாலும் பொட்டுச் சட்டை 1975இல்தான் வந்தது. ஏற்றங்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள், நான்காவது எளிது, முதலாவது கடினம். அதையும் தாண்டியவற்றுக்கு 'வகைக்கு அப்பாற்பட்டது' என்றே பெயர்.

நமக்குப் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா? உண்டு. மலேசியாவின் டூர் டி லங்காவி 1996இல் தொடங்கியது. கெந்திங் மலை ஏற்றம்தான் பல ஆண்டுகள் அதன் முடிவைத் தீர்மானித்தது. பேருந்தில் கெந்திங் போனவர்களுக்கு அந்த வளைவுகள் வயிற்றைக் கலக்கியது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், 2008இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிப் பயணத்தினர் ஏறுகிறார்கள். ஆனால் அது ஆர்வலர்களுக்கானது, தொழில்முறைப் பந்தயம் அல்ல.

நேரக் கூட்டலின் கொடுமைக்கு ஓர் உதாரணம் சொல்லி, மாணவனின் கேள்விக்குத் திரும்புகிறேன். 1989இல் கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் தனிநபர் நேர ஓட்டம். பிரான்சின் லொரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலை. இரண்டு ஆண்டுக்கு முன் வேட்டை விபத்தில் துப்பாக்கிச் சூடு பட்டு, குண்டுச் சிதறல்கள் உடலில் இருக்க ஓட்டிய லெமாண்ட், அந்தக் கட்டத்தில் 58 விநாடி வேகமாக வந்தார். 3,285 கிலோமீட்டருக்குப் பிறகு வித்தியாசம் 8 விநாடி. கடைசி நாள்தான் முடிவு மாறியது, ஆனால் கடைசி நாள் முதலில் வந்ததால் அல்ல. இந்த நுணுக்கத்தை மாணவன் பிடித்துக்கொண்டான்.

"அப்போ நம்ம ஊர்ப் பந்தயம் சும்மா காட்சிக்கா சார்?" என்றான். காட்சிக்குத்தான். ஆனாலும் ஒன்றை அவனிடம் சொன்னேன். மேலே சொன்ன கேவண்டிஷ், 2024 ஜூன் மாதம் பந்தயத்தின் முதல் நாளே வெயிலில் வாந்தி எடுத்து, மேடுகளில் பின்தங்கி, நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஓட்டினார். வரம்பைத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தப்பினார். ஜூலை 3ஆம் தேதி, 39 வயதில், 35ஆவது கட்டத்தை வென்று எடி மெர்க்ஸின் சாதனையைக் கடந்தார். அதே ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி தம் வாழ்நாளின் கடைசிப் பந்தயத்தை ஓட்டி, அதிலும் முதலாவதாக வந்தார். அது நடந்தது இங்கே, தேக்காவிலிருந்து ரயிலில் சில நிறுத்தம் தள்ளி, மலையே இல்லாத மெரினா பேயில்.