காலால் ருசி பார்க்கும் விருந்தாளி: தெரியுமா?

இளம்பிள்ளையில் சேலை எடுக்க வந்தவர், தறிச் சத்தத்துக்கு நடுவே டீ குடிக்கிறார். கிளாஸ் விளிம்பில் ஒரு ஈ. உட்கார்ந்த மாத்திரத்தில் ருசி பார்த்துவிட்டது, வாயால் அல்ல, காலால்! ஈயின் பாதங்களில் சுவையறியும் நுண்மயிர்கள் உண்டு. முன்னங்கால்களைக் கும்பிடுவதுபோல் தேய்ப்பது பக்தியல்ல, அவற்றைத் துடைத்துக்கொள்ளும் வேலை!

சர்க்கரைத் துகளை அதனால் கடிக்க முடியாது. வயிற்றில் இருப்பதைக் கக்கி, கரைத்து, உறிஞ்சும். போகிற போக்கில் எச்சமும் போடும். சற்றுமுன் அது சாக்கடையில் இருந்திருந்தால்? டைஃபாய்டு, சீதபேதி, காலரா கிருமிகள் அதன் காலிலும் வயிற்றிலும் பயணம் செய்யக்கூடியவை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று கண்டங்களில் பிடித்த 116 ஈக்களைச் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தாரும் மற்றவர்களும் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகள்! கால்களிலும் இறக்கைகளிலும்தான் அதிகம்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு ஈயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரக் கோழி எருவில் இட்ட முட்டை, வெயில் காலத்தில் பத்தே நாளில் பறக்கும் ஈ!

கொசு? மலேரியா ஒட்டுண்ணி, டெங்கு வைரஸ், யானைக்கால் புழு. நம்மூரில் கொசு பரப்பும் இந்த மூன்றில் ஒன்றுகூட பாக்டீரியா இல்லை!

கரப்பான் தலை போனாலும் சில நாள் உயிரோடிருக்கும், சால்மோனெல்லாவையும் சுமக்கும். அதைக் கண்டால் விளக்குமாற்றைத் தூக்குகிறோம், ஈயை மட்டும் கையால் விரட்டிவிட்டு டீயைக் குடித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் ஈதான் மோசம்.

ஆனால் எல்லாரையும் மிஞ்சியது எலித் தெள்ளு. 1898-ல் கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக் எலியிலிருந்து எலிக்குத் தெள்ளால்தான் தாவுகிறது என்று காட்டினார். தெள்ளு அதை எப்படிப் பரப்புகிறது தெரியுமா? கிருமி பெருகித் தெள்ளின் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி! மறுபடி கடி, மறுபடி கடி. இறங்காத ரத்தம் கிருமியோடு கடிவாயிலேயே திரும்பிப் பாயும்.

அந்தக் காலத்தில் சேலம், கோவைப் பக்கம் பிளேக் வந்தால் ஊரே காலியாகும். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே உண்டு. சென்னை நகரமோ பெரும்பாலும் தப்பித்தது! ஏன்? கொழும்பில் வேலை பார்த்த ஃபேபியன் ஹிர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் பதில்: சென்னை எலிகள் மேல் இருந்த தெள்ளு வேறு இனம், கிருமி பரப்புவதில் சோம்பேறி!