வேலியும் கள்வனும்

வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் அறிவோம். வேலி தன் கடமையில் வழுவாது நிற்க, அதன் மறைவிலே கள்வன் ஒளிந்து வாழும் கதையொன்று மனித உடலினுள் நிகழ்கின்றது. கள்வனைப் பிடிக்கும் பொருட்டு வேலியை அகற்றலாமா? மருத்துவ விஞ்ஞானம் அண்மைக்காலத்தில் எதிர்கொண்ட அரிய வினாக்களுள் இதுவும் ஒன்று.

உயிர்க்கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ., உடலை ஆக்கும் முறைகளெல்லாம் பொறிக்கப்பெற்ற மூல ஏடு போன்றது. அதிலிருந்து வேண்டிய பகுதியைப் படியெடுத்து, புரதம் ஆகும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் ஓலையே தூது ஆர்.என்.ஏ. ஒரு மில்லிமீற்றர் அளவான வட்டப்புழுவைத் தனித்தனியே ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகளாகிய விக்டர் அம்புறோசும் கரி றவ்கனும், 1993ஆம் ஆண்டில் ஒரு புதுமையைக் கண்டனர். புரதம் எதனையும் ஆக்காத மிகச் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று, தூதோலையைப் பற்றிக்கொண்டு அது பயன்படாதவாறு தடுத்தது. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இத்தகைய துணுக்குகளை மைக்கிரோ ஆர்.என்.ஏ. என்பர். புழுவுக்கு மட்டும் உரிய விந்தையெனக் கருதப்பட்ட இது மனிதரிடத்தும் உண்டென்பது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவ்விருவரையும் சேர்ந்தது.

மனிதருக்குள்ள பல நூறு மைக்கிரோ ஆர்.என்.ஏ.க்களுள் 122 என்னும் எண் பெற்றது ஈரலுக்கே சிறப்பாக உரியது. ஈரலிலுள்ள மைக்கிரோ ஆர்.என்.ஏ.க்களுள் ஏறத்தாழ 70 சதவீதம் இதுவே. கொழுப்பையும் கொலஸ்திரோலையும் ஈரல் கையாளும் முறையை ஒழுங்கு செய்வது இதன் தொழில்களுள் ஒன்று. இதனை இழக்கச் செய்யப்பட்ட சுண்டெலிகளின் ஈரலிற் கொழுப்புப் படிந்தது, அழற்சி தோன்றியது, காலப்போக்கிற் புற்றுநோயும் வந்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் இதனைக் காட்டின. காவலனின் அருமை காவல் போனபின் அன்றோ தெரிகின்றது!

இந்தக் காவலனைத்தான் ஈரலழற்சியை விளைக்கும் 'சி' வைரசு தனக்குத் துணையாக்கிக் கொள்கின்றது. 1989ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இவ்வைரசு குருதி வழியே புகுந்து, பல்லாண்டு காலம் அடையாளமின்றித் தங்கி, ஈரலைச் சிதைக்க வல்லது. இதன் பரம்பரைச் சரடும் ஓர் ஆர்.என்.ஏ.யே. காப்பற்ற சரடுகளை முனையிலிருந்து அரித்தழிக்கும் நொதியங்கள் நம் கலங்களில் உள்ளன. வைரசோ தன் முனையருகே ஈரிடங்களில் 122ஐப் பிணைத்துக்கொண்டு தப்பிவிடுகின்றது. 122ஐ அடக்கினால் வைரசும் குன்றுமென்பதை, ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துப் பீற்றர் சார்னோவும் அவர்தம் குழுவினரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதன்வழி எழுந்தது மிறவேர்சன் என்னும் மருந்து. டென்மார்க்கில் உருவான இம்மருந்து, 122இன் எழுத்துகளுக்கு இணையாக அமைந்து அதனை இறுகப் பற்றிக்கொள்ளும் 15 எழுத்துத் துணுக்கு. 36 நோயாளிகள் பங்குகொண்ட சோதனையின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாரம் ஒன்றாக ஐந்து ஊசிகள் ஏற்றப்பட்டன. மருந்தின் அளவு கூடக்கூட வைரசு குறைந்தது. ஐவரின் குருதியில் அது காணப்படாத நிலையையும் எய்தியது.

ஆயினும் வெற்றி நிலைக்கவில்லை. மருந்து நின்றபின் வைரசு மீண்டும் தலைகாட்டியது. 122ஐயே இலக்காகக் கொண்ட வேறொரு மருந்தின் சோதனையிற் சிலருக்குச் செங்கண்மாரி தோன்றவே, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் அதனை இடைநிறுத்தியது. அடுத்த ஆண்டு அம்முயற்சி கைவிடப்பட்டது. இதற்கிடையில், வைரசின் சொந்த உறுப்புகளையே நேராகத் தாக்கும் மாத்திரைகள் வந்து, சில வாரங்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் நோயைத் தீர்த்தன. வேலியைத் தொடாமலே கள்வன் பிடிபட்டான்.

அவ்வாறாயின் 122ஐப் பற்றிய அறிவு வீணாயிற்றா? இல்லை. ஈரற்கலம் சிதையும்போது 122 குருதியில் வந்து கலக்கின்றது. நம் வீடுகளிற் பனடோல் என வழங்கும் பரசிற்றமோல், அளவு மீறினால் ஈரலுக்கு நஞ்சாகும். மாற்று மருந்து உண்டு. ஆனால் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தாலே அது நன்கு பயன்படும். அந்நேரத்தில் வழக்கமான குருதிச் சோதனை பெரும்பாலும் எதனையும் காட்டுவதில்லை. அவ்வேளையிலேயே, பின்னர் ஈரல் பாதிக்கப்படவிருந்தோரின் குருதியில் 122 மிகுந்திருந்தமையைப் பிரித்தானிய ஆய்வாளர் 2013இல் எடுத்துக்காட்டினர். இச்சோதனை இன்னும் வைத்தியசாலைகளில் அன்றாட வழக்காகவில்லை. வழக்காகுமாயின், யாருக்கு உடனே தீவிர சிகிச்சை வேண்டும் என்பதை வைத்தியர் காலம் தாழ்த்தாது தீர்மானித்தல் கூடும்.

உடலில் ஒரு பொருளை இனங்கண்டவுடன் அதனை அடக்கவோ பெருக்கவோ முனைவது மருத்துவத்தின் இயல்பு. சில பொருள்களை அடக்குவதினும், அவை தரும் சாட்சியைச் செவிமடுப்பதே மேல் என்பதை இந்த 22 எழுத்துத் துணுக்கு நமக்கு உணர்த்துகின்றது.